கடை கை மாறும்போது தரகு யார் தருவது?

மீஞ்சூர் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை கை மாறுகிறது என்றால், விட்டுப் போகும் வியாபாரி, புதிதாக வருபவர், கட்டட உரிமையாளர் என மூவர் சம்பந்தப்படுகிறார்கள். நான்காவது நபர் தரகர். சாவி கொடுக்கும் நாளில் அவர் கமிஷன் கேட்கும்போதுதான், 'இதை யார் தருவது?' என்ற தகராறு எழுகிறது. முதல் நாளே பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

கடை வாடகைக்குத் தரகு இவ்வளவு, இன்னார்தான் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை. ஒப்பந்தமே அடிப்படை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணோட்டத்தில் தரகர் ஒரு முகவர். அவரை அமர்த்தியவரே கூலி தர வேண்டும். குத்தகைக் காலம் முடியுமுன் ஆள் தேடச் சொன்னவர் பழைய வாடகைதாரர் என்றால், தரகு அவருடைய பொறுப்பு. தமக்குக் கடை பார்க்கச் சொன்ன புதியவர் தம் பங்கைத் தர வேண்டும். தரகரை அழைக்காத உரிமையாளரிடம் கேட்பதில் நியாயமில்லை. இரு தரப்பிலும் ஒரு மாத வாடகை வாங்குவது பல இடங்களில் வழக்கமே தவிர சட்டமன்று, பேசிக் குறைக்கலாம்.

எப்போது தருவது? தனி ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே முகவருக்குக் கூலி என்கிறது அதே சட்டத்தின் 219-ஆம் பிரிவு. ஆள் காட்டியதோடு வேலை முடிந்ததா, உரிமையாளர் ஒப்பிய பிறகுதான் முடிந்ததா என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதமின்றிக் கடையைப் பிறருக்கு மாற்றிவிட முடியாது. மாற்றினால் கடையைக் காலி செய்யக் கோர அதுவே காரணமாகும். மாத வாடகை ரூ.15,000 உள்ள கடைக்கு இரு தரப்பும் ஒரு மாத வாடகை வீதம் தந்தால் தரகருக்கு ரூ.30,000 போய்விடும். பின்னர் உரிமையாளர் மறுத்தால் புதியவருக்குக் கடையும் இல்லை. அலமாரிக்கும் சரக்குக்கும் போட்ட முதலும் முடங்கும். பழையவருக்கும் நிம்மதியில்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி, குத்தகையை மாற்றிவிட்டார் என்பதற்காக மட்டும் அவரது பொறுப்புகள் நீங்குவதில்லை. புதியவர் வாடகை பாக்கி வைத்தால் உரிமையாளர் பழையவரையும் கேட்கலாம்.

ஆகவே நம் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தரகு எவ்வளவு, யார், எப்போது தருவது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

2. மறுதரப்பிலும் கமிஷன் வாங்குகிறாரா என்று தரகரிடம் நேரில் கேளுங்கள்.

3. உரிமையாளரின் சம்மதக் கடிதம் கைக்கு வந்த பிறகே முழுத் தரகையும் கொடுங்கள். பழையவரின் பொறுப்பு தீர்ந்தது என்பதையும், முன்பணம் யார் பெயரில் நிற்கிறது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

4. கொடுத்த தொகைக்கு ரசீது பெறுங்கள்.

தரகர்களும் உழைப்பவர்களே, அவர்கள் கூலியை மறுக்க நாம் சொல்லவில்லை. கணக்கு முன்கூட்டியே தெளிவாக இருந்தால் நட்பும் நிலைக்கும், கடையும் நிலைக்கும் என்பதே நம் கருத்து.