பைனாகுலர் மலிவுதான், பில் எங்கே?

பழைய பைனாகுலரைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை பரபரக்கிறது. "முதல் உலகப் போர்ல வெள்ளைக்காரன் வச்சிருந்தது சார். உங்களுக்காக எட்டாயிரம்" என்கிறார் ஆன்டிக் கடைக்காரர். ஐயாயிரத்துக்குப் பேரத்தை முடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்து கண்ணில் வைத்தால், தென்னைமரம் இரண்டாகத் தெரிகிறது. பில் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. கேட்டு வாங்கியவர்களிடமும் தொகையை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டுதான் இருக்கிறது. இப்படி ஏமாந்து வருபவர்களில் படித்தவர்களுக்கும் குறைவில்லை.

முதலில் பொருளைப் பாருங்கள். பித்தளையில் 'லண்டன் 1917' என்று பளிச்சென்று பொறித்த பைனாகுலர்கள் இன்றும் அலங்காரப் பொருளாகத் தயாராகின்றன. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் தவறில்லை, போர்க்காலத்துப் பொருள் என்று விற்றால் மோசடி. திருகாணியைக் கவனியுங்கள். இப்போது எல்லா இடத்திலும் இருக்கும் 'பிளஸ்' தலைத் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. 1917 என்று பொறித்த உடலில் அது இருந்தால், பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பொருளே புதிது. எது என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அசல் பொருளிலும் ஆபத்து உண்டு. முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தூரத்து மின்கம்பியைப் பார்த்தபடியே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். கம்பி மேலும் கீழுமாகப் பிரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் இடம் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்று அரிது.

அடுத்தது பில். அதில் இவை இருக்க வேண்டும்: கடையின் பெயரும் முகவரியும், தேதி, தொகை, தயாரிப்பாளர் பெயர், பொருளில் பொறித்த வரிசை எண், கடைக்காரர் சொல்லும் காலம், 'நன்றாக இயங்கும் நிலை' என்ற வாசகம். 'பழைய பைனாகுலர் 1' என்று மட்டும் எழுதிய பில் பெரிதாக உதவாது. வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். பணத்தை யுபிஐ மூலம் செலுத்துங்கள், வங்கிக் கணக்கில் தடம் இருக்கும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. ஆனால், குறையைச் சொல்லியே குறைந்த விலைக்கு விற்றிருந்தால் அதையே காரணம் காட்டிப் புகார் செய்ய முடியாது.

ஏமாந்துவிட்டால் உடனே கடைக்கு ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அவர்கள் சமரசம் பேசுவார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மனுவோடு பில், கடித நகல், பொருளின் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பதென்னவோ வாய்தாமேல் வாய்தா. அதற்காகச் சோர்ந்துபோய் விட்டுவிடாதீர்கள். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவர் மட்டும் இந்தக் கதவைத் தட்ட முடியாது, சட்டப்படி அவர் நுகர்வோர் அல்லர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருந்தால்? நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள், தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இன் கீழ் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படிப்பட்டதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மீறினால் சிறை. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பார்சல் கட்டும் முன், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பொருள் தொல்பொருள் அல்ல என்று அவர்கள் தரும் சான்றிதழ் கையில் இருக்கட்டும். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்கும்போது 'தெரியாது சார்' என்பது பதிலாகாது.

திருட்டுப் பொருளாக இருந்தாலும் இதே கதைதான். உரியவர் வந்தால் பொருள் அவருக்குப் போய்விடும். பணத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்கவும், தெரியாமல் வாங்கினேன் என்று போலீசிடம் சொல்லவும் உங்களுக்குத் துணை அந்த பில்தான்.

மறுபடியும் சொல்கிறேன்: விலையைப் பேசும்போதே பில்லையும் பேசுங்கள். சொன்னதை எழுதித் தர மறுக்கும் கடையில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.