ஞாயிறு மறைப்பாடமும் கேள்வி கேட்கும் பருவமும்

இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரிலே 1780 ஆம் ஆண்டில் ரொபேர்ட் ரேய்க்ஸ் என்னும் பத்திரிகாசிரியர் ஏழைச் சிறார்க்கென ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியொன்றைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் வேலைத்தலங்களில் உழைத்த அச்சிறாருக்கு எழுத்தறிவு பெற ஞாயிறு ஒன்றே ஓய்வு நாளாய் இருந்தது. இன்று நம் நாட்டிலோ நிலைமை தலைகீழாய் மாறிவிட்டது. ஆறு நாளும் படிக்கின்ற பிள்ளைகள் ஏழாம் நாளும் ரியூட்டறிக்கு ஓடுகின்றார்கள். அவ்வோட்டத்தின் நடுவே சமய வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதே பெரும்பாடாய் இருக்கின்றது.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வாழும் கத்தோலிக்கர் இதனை மறைக்கல்வி வகுப்பு என்பர். மற்றைக் கிறிஸ்தவ சபையார் ஓய்வுநாட் பாடசாலை என்பர். சைவர்களாகிய நாம் அறநெறிப் பாடசாலை என்கின்றோம். பெயர் எதுவாயினும் குறை ஒன்றே. சிறு பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வருகின்றார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதாகிவிட்டால் வாங்குகள் மெல்ல மெல்ல வெறிதாகின்றன. வருபவரும் உடலால் வந்து மனத்தால் வெளியே நிற்கின்றனர்.

சைவ ஆசிரியர்களாகிய நாம் விவிலியப் பாடத்தைப்பற்றிப் பேசலாமோ என்று சிலர் வினவக்கூடும். ஆறுமுக நாவலர், தாம் பயின்ற வெஸ்லியன் பாடசாலையின் அதிபரான பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர். சைவத்தில் ஊன்றி நின்றுகொண்டே அவர் அதனைச் செய்தார். பிறர் நூலையும் பிழையறக் கற்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே இதைவிடச் சான்று வேண்டுமோ? அன்றியும், கற்பித்தலில் எழும் இடர் இருசாராருக்கும் பொதுவானது.

அவ்விடர் யாது? சைவ வினாவிடையும் கிறிஸ்தவ ஞானோபதேசமும் ஒரே வடிவில் அமைந்தவை. வினாவும் புத்தகத்துக்கு உரியது. விடையும் புத்தகத்துக்கு உரியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இம்முறை பொருந்தும். நினைவாற்றல் மிகுந்த பருவம் அது. கட்டிளமைப் பருவத்தினருக்கோ வினா தம்முடையதாக இருத்தல் வேண்டும். ‘இது நியாயமா? ஏன் இப்படி நடந்தது?’ என்று உள்ளம் கொதிக்கும் வயது அது. அக்கொதிப்புக்கு இடங்கொடாத பாடம் எத்துணைப் படங்களாலும் பாட்டுகளாலும் அலங்கரிக்கப்பட்டாலும் அவர்களைப் பிணிக்காது. விளையாட்டுக் காட்டி அழைத்துவரலாம், இருத்திவைக்க இயலாது. பள்ளிக்கூடத்தில் சமயம் புள்ளிக்குரிய பாடம். ஞாயிறு வகுப்பில் புள்ளியும் இல்லை, பரீட்சை அச்சமும் இல்லை. ஆதலால் உண்மையான கேள்வியைக் கேட்கத்தக்க இடம் அதுவே.

உதாரணமாக, லூக்கா சுவிசேஷத்தின் 15 ஆம் அதிகாரத்தில் வரும் இரு புதல்வர் கதையை எடுத்துக்கொள்வோம். இளையவன் தன் பங்கைப் பெற்றுத் தூரதேசம் போய் அழித்துவிட்டு, பட்டினியோடு திரும்புகின்றான். தந்தை ஓடிச்சென்று தழுவி, மோதிரம் அணிவித்து, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கின்றார். வயலிலிருந்து வந்த மூத்தவனோ ஆடல்பாடல் ஒலியைக் கேட்டு வீட்டினுள் நுழைய மறுக்கின்றான். ‘மனந்திரும்புபவனைக் கடவுள் ஏற்பார்’ என்று தொடக்கத்திலேயே கருத்தைச் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். முக்கால் மணி நேரப் பாடத்தை வேறு வகையில் வகுக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் ஒரே ஒரு கேள்விக்கு: வீட்டைவிட்டுப் போனவனும் வீட்டிலே உழைத்தவனும் சமமாக நடத்தப்படலாமா? அடுத்த பத்து நிமிடத்தில் மாணவரே கதையை உரக்க வாசிக்கட்டும். மூத்தவன் வாசலில் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுக. பின்பு வகுப்பை மூன்றாகப் பிரித்து, தந்தை, மூத்தவன், இளையவன் ஆகியோர் சார்பில் பதினைந்து நிமிடம் வாதாடச் செய்க. அதன்பின் தந்தையின் மறுமொழியை வாசித்து நிறுத்தினால் ஒரு வியப்புத் தோன்றும். மூத்தவன் உள்ளே போனானா என்று நூல் சொல்லவில்லை. கதை முடிவின்றியே நிற்கின்றது. மூத்தவனுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுத மாணவருக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். எஞ்சிய ஐந்து நிமிடம் அமைதிக்கும் செபத்துக்கும்.

தீவகத்தில் இக்கதை தனியொரு வலிமை பெறும். பெற்றோரைப் பராமரிக்க ஒருவர் ஊரில் தங்க, உடன்பிறந்தோர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் குடும்பங்கள் இங்கே பலவன்றோ? யார் கொடுத்தது பெரிது, யார் பட்டது பெரிது என்னும் மனத்தாங்கல் மாணவர் வீட்டிலேயே கேட்டிருக்கக்கூடியது. ஆயினும் ஆசிரியர் ஒன்றை மறத்தலாகாது. ‘உன் வீட்டில் எப்படி?’ என்று எந்தப் பிள்ளையையும் வகுப்பில் கேட்டல் தகாது. கதையிலுள்ள மூத்தவனைப் பற்றிப் பேசும்போது பிள்ளை தன் மனத்துயரையும் பேசிவிடுகின்றது. ஆனால் தன் பெயரை வெளியிட வேண்டியதில்லை. கதை தரும் இப்பாதுகாப்பை ஆசிரியர் குலைத்துவிடக் கூடாது.

யோவான் சுவிசேஷத்தின் 4 ஆம் அதிகாரத்தில் வருவது கிணற்றடிக் காட்சி. நண்பகல் வேளை, கிணறு ஆழம், இயேசுவிடம் மொள்ளும் கலம் இல்லை. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கின்றார். யூதர் சமாரியரோடு புழங்காத காலமாதலால் அவள் திகைக்கின்றாள். நன்னீர்க் கிணறு அரிதாய், உவர்நீர் மிகுதியாய் உள்ள தீவிலே வளரும் பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீரின் அருமையை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்று சாதி வகுத்த வழக்கத்தை ஊரின் முதியோர் அறிவர். அதனைக் கேட்டுவரும்படி மாணவரை அனுப்பினால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கிணறு நம் வளவுக்கே வந்துவிடும்.

மாற்கு சுவிசேஷத்தின் 4 ஆம் அதிகாரத்தில் வருவது கடற்புயல். அலை படகினுள் புகும்போது இயேசுநாதர் படகின் பின்புறத்தே தலையணையில் உறங்குகின்றார். சீடர் அவரை எழுப்பிய சொல்லில் வேண்டுதலைவிட மனக்குறையே மிகுந்திருந்தது; நாம் மடிவது உமக்குப் பொருட்டில்லையோ என்பதே அதன் கருத்து. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறும் பிள்ளைகளுக்கு இது வெறுங்கதையன்று. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவு இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. ‘அன்று கடவுள் உறங்கினாரா?’ என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அவ்வேளை ஆசிரியர் செய்யத்தக்கது யாது? அதட்டலும் ஆகாது; ஆயத்தமாய் வைத்திருக்கும் விடையொன்றை அவசரமாய் நீட்டலும் ஆகாது. அத்தகைய கேள்வியைத் துணிந்து கேட்டவர்களைத் திருநூலே தன்னுள் வைத்திருக்கின்றது என்று காட்டலாம். சங்கீதங்களிலும் யோபுவின் நூலிலும் அக்குரல் உண்டு. கேள்வி கேட்டதால் தான் விசுவாசத்துக்குப் புறம்பானவன் ஆகவில்லை என்று அப்பிள்ளை அறிந்தால், அதுவே அன்றைய பாடத்தின் பெரும்பயன்.

இவ்வாறு கற்பிக்க மிகுந்த பொருட்செலவு வேண்டியதில்லை, முன்னாயத்தமே வேண்டும். ஞாயிறு வகுப்பாசிரியர் பலரும் உயர்தரப் பரீட்சை எழுதிய இளைஞரும் யுவதியருமாவர். அவர்கள் சனி இரவில் புத்தகத்தைத் திறவாமல் புதன்கிழமையே அப்பகுதியை மூன்று முறை வாசிப்பாராக. தம்மை உறுத்தும் இடம் எதுவோ அதனையே பாடத்தின் மையக் கேள்வியாகக் குறித்துக்கொள்க. வாய்திறக்கக் கூசும் மாணவர் பெயரின்றி எழுதியிட ஒரு கேள்விப் பெட்டி வைக்கலாம். பெரிய மாணவரைக்கொண்டு சிறியோருக்குக் கதை சொல்லுவிக்கலாம். சொல்லிக்கொடுப்பவனே நன்றாய்க் கற்கின்றான். தெரியாத வினாவுக்கு ‘அடுத்த வாரம் தேடிவந்து சொல்கின்றேன்’ என்னும் ஆசிரியருக்கு மதிப்புக் குறையாது. சொன்னபடி தேடிவந்தால் அது கூடும்.

இவ்வளவும் நம் அறநெறிப் பாடசாலைகளுக்கும் பொருந்தும். பெரியபுராணத்தைச் சிறுவர் முதலாக யாவரும் கற்க நாவலர் வசனமாக்கித் தந்தார். அப்புராணத்திலே திருநாளைப்போவார் என்னும் நந்தனார் கோயிலின் வெளியே நின்றதும் தீயில் மூழ்கி எழுந்ததும் ஏன் என்று ஒரு சைவ மாணவன் கேட்டால் அக்கேள்வி நம்மையும் சுடும். சுடுமென்று அஞ்சி அதனை ஒதுக்கினால் மாணவனும் ஒதுங்கிப் போவான். ஊர்காவற்றுறையின் ஆலய வகுப்பாயினும் நயினாதீவின் கோயில் மண்டபமாயினும் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே: நல்லதைத் தாமே ஆராய்ந்து தெளிந்து பற்றிக்கொள்ளுதல். பெற்றோரும் ஞாயிறு மதியம் ‘இன்று என்ன படித்தாய்?’ என்பதோடு நில்லாமல், ‘இன்று என்ன கேட்டாய்?’ என்றும் பிள்ளையிடம் வினவுவாராக.