உங்களுக்குத் தெரியுமா? மலாக்காவின் எண் 04

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜாசின் தோட்டத்தில் பிறந்தாலும் அலோர் காஜா டவுனில் பிறந்தாலும் பெரும்பாலும் 04தான். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண். இரட்டைப்படை என்றால் பெண்.

பிறந்த தேதி குடியுரிமையையே தீர்மானிக்கும். சுதந்திர நாளான மெர்டேக்கா தொடங்கி 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்தவருக்குப் பிறந்த மண்ணே போதும். அதற்குப் பின் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது.

பலர் கோட்டை விடுவது திருமணப் பதிவில். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாருக்கு அது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் பிள்ளையின் குடியுரிமை தாயைத்தான் தொடரும், தந்தையை அல்ல. தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையின் பாடு திண்டாட்டம். அடையாள ஆவணமில்லாத இந்தியர்களுக்காக 2011இல் ‘மைடாஃப்தார்’ என்று தனி இயக்கமே நடத்த வேண்டி வந்தது.

தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம். பெயர்சூட்டு விழாவுக்கு நாள் பார்க்கும்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகவும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.