குழந்தைக்கு சின்ன ஆபரேஷன்தான்... அதுக்கும் ஏன் பெரிய ஊருக்கு அனுப்புறாங்க?

"இங்க பெரியவங்களுக்குத்தான் செய்வோம். குழந்தைன்னா மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போயிடுங்க." பல பெற்றோருக்குப் பழகிப்போன பதில் இது. குடல்வால் அழற்சி, குடலிறக்கம் (ஹெர்னியா), சீழ்க்கட்டி மாதிரியான சாதாரண அறுவை சிகிச்சைகளுக்கே ஏன் இந்த அலைச்சல்?

யாருக்கு எங்கே சிகிச்சை?

பிறந்த குழந்தைகள், பிறவிக் குறைபாடு உள்ளவர்கள், இதய நோய் போன்ற சிக்கல் உள்ளவர்கள் சிறப்பு மையத்துக்குப் போவதுதான் பாதுகாப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பள்ளி வயதுக் குழந்தையின் குடல்வாலை அகற்ற, பயிற்சி பெற்ற பொது அறுவை சிகிச்சை மருத்துவரே போதும். கூடவே குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் வேண்டும்.

சிக்கல் கத்தியில் இல்லை, மயக்க மருந்தில்!

குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. ரத்தத்தில் ஆக்சிஜன் வேகமாகக் குறையும், உடல் சூடும் சீக்கிரம் இறங்கும். மருந்தை எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். சின்ன அளவு குழாய்கள், பழகிய நர்ஸ்கள் என ஒரு டீமே தேவை. அந்தப் பழக்கம் விட்டுப்போனால், டாக்டர்களுக்கே தயக்கம் வந்துவிடும்.

பிரிட்டன் கற்ற பாடம்

அறுவை சிகிச்சைக்குப் பின் நடந்த குழந்தை மரணங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை 1990-ல் அங்கு வெளியானது. 'எப்போதாவது ஒருமுறை மட்டும் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்வதைத் தவிர்க்க வேண்டும்' என்றது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் உள்ளூர் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆபரேஷன் குறைந்தது. செய்யச் செய்யத்தானே கை பழகும்? எண்ணிக்கை குறைய, பயிற்சி குறைந்தது. பயிற்சி குறைய, இன்னும் அதிகம் பேர் பெரிய மையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தச் சுழல் எந்த ஊருக்கும் வரலாம்.

இழப்பு என்ன?

முதல் இழப்பு, நேரம். விரை முறுக்கிக்கொண்டால் (டார்ஷன்) சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் அட்டை கையில் இருந்தும், பக்கத்தில் ஆபரேஷன் செய்ய ஆள் இல்லையென்றால்?

இன்னொன்று, தினக்கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம் போகும். சாதாரண கேஸ்கள் குவிவதால், பெரிய மருத்துவமனையில் சிக்கலான குழந்தைகளின் காத்திருப்பும் நீளும்.

உள்ளூரில் தக்கவைப்பது எப்படி?

* சிறப்பு மைய மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து ஆபரேஷன் செய்வது.
* உள்ளூர் சர்ஜன், மயக்கவியல் மருத்துவர், நர்ஸ்கள் மையத்துக்குப் போய் அவ்வப்போது கைப்பழக்கம் பெறுவது.
* எந்த வயது, எந்த நோய் வரை இங்கேயே, எதை உடனே அனுப்பணும் என்று எழுதி வைப்பது.
* குழந்தை ஆபரேஷன்களை ஒரே நாளில் சேர்த்து வைத்து, அந்த டீமுக்குப் போதிய எண்ணிக்கை கிடைக்கச் செய்வது.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே பழகிய டீமும் நிலைத்தால்தான் அலைச்சல் குறையும்.

பெற்றோர் கவனத்துக்கு

* பையனுக்குத் திடீர் விரை வலி, வீக்கமா? கூச்சப்பட்டு மறைக்க விடாதீங்க, விடியும் வரை காத்திருக்காதீங்க.
* ஹெர்னியா வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் இருந்தால் அவசரம்.
* பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, விட்டுவிட்டு வீறிட்டு அழுது மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனை.
* ஆபரேஷன் தேவைப்படலாம் என்றால், டாக்டரைக் கேட்காமல் சாப்பாடு, பால் கொடுக்காதீங்க.

வேறு ஊருக்கு அனுப்பினால் இரண்டு கேள்வி கேளுங்க: "அங்கே பேசிட்டீங்களா? எத்தனை மணிக்குள்ள போய்ச் சேரணும்?" ஆம்புலன்ஸுக்கு 108.