அமூர்: ஒரு சொல்லின் அசையும் எதுகையும்

காதலைக் குறிக்கும் ‘அமூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல் இலத்தீனின் ‘அமோர்’ என்பதன் வழிவந்தது. ஆயினும் இயல்பான ஒலித்திரிபின்படி அதன் ஈறு ‘ஏர்’ போன்று ஒலித்திருத்தல் வேண்டும். ‘ஊர்’ என நின்றது தென்பிரான்சின் பாணர் பாடல்களின் செல்வாக்கால் என்பர் மொழிநூலார். ஆகவே இச்சொல்லின் ஒலியே பாட்டு தந்த கொடை எனலாம்.

பிரெஞ்சில் இதற்கு ஒலியசை இரண்டு: அ, மூர். ஈற்று ரகரம் அடித்தொண்டையில் பிறக்கும். ஆங்கிலத்தில் முதலசை மெலிந்து இரண்டாமசை அழுத்தம் பெறும். தமிழ் யாப்பிலோ குறிலை அடுத்து நெடிலும் ஒற்றும் வருதலின் முழுச்சொல்லும் ஒரே நிரையசை. ‘மலர்’ வாய்பாட்டில் அமைந்து வெண்பாவின் ஈற்றுச்சீராகவும் அது நிற்கக்கூடும். ‘அன்பு’ என்பதும் ‘காசு’ வாய்பாட்டால் அவ்விடம் பெறும். ‘காதல்’ தேமாவாதலின் அதற்கு அங்கே இடமில்லை!

பிரெஞ்சுப் புலவர் இதனைப் பகலைக் குறிக்கும் ‘ழூர்’ என்பதனோடு இணைப்பர். அது ஈற்றொலி ஒன்றும் இயைபுத்தொடை. எதுகைக்கோ இரண்டாம் எழுத்து ஒன்றுதல் வேண்டும். ‘அமூர்’ என்பதற்குச் ‘சமூகம்’ நேரே பொருந்தும். மகர வருக்கம் போதுமெனின் ‘அமுது’, ‘குமுதம்’ எனப் பல வரும். எனினும் தமிழ்ச்செவிக்கு இது ஆமூர் போன்றதோர் ஊர்ப்பெயராகவே தோன்றும்.

ஹோர்ட்டன் சமவெளியை அடுத்துள்ள டயகம முதலிய தேயிலைத் தோட்டங்களின் பேச்சில் இச்சொல் புகவில்லை. ஆனால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தின் வழியே மற்றொரு சொல் அம்மலைகளில் ஏறிற்று. அணிவகுப்பைக் குறித்த ‘பரேட்’ என்பதே காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பகிரும் ‘பிரட்டு’ ஆயிற்று, அவ்விடம் பிரட்டுக்களம். நிரையும் நேருமாய்ப் புளிமாச் சீர்; குற்றியலுகர ஈறு. பிறப்பால் அயற்சொல் என்று ஐயுறவும் இடமில்லாதபடி அது தமிழாயிற்று. அதற்குக் கிட்டிய எதுகைகளோ ‘விரட்டு’, ‘மிரட்டு’ என்பன. கங்காணி ஆட்சியை அறிந்தோர்க்கு இவ்வொலியுறவு வெறும் தற்செயலாகத் தோன்றாது.

வேலைக்குச் சொல் கடன் கொண்ட அம்மக்கள் காதலுக்குக் கொள்ளவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் காதலன் ‘மச்சான்’ என உறவுமுறையாலேயே விளிக்கப்படுகின்றான். இது நேர்நேர், மீண்டும் தேமா. எதுகை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொழுந்தின் ‘பச்சை’யும் மலையின் ‘உச்சி’யும் கண்முன்னேயே உள்ளன.