நெற்றிக்குள் காற்றறை: ஆளுக்கு ஒரு வடிவம்

உங்கள் புருவங்களுக்குச் சற்று மேலே விரலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான எலும்பு என்றுதான் தோன்றும். ஆனால், பெரும்பாலோருக்கு அந்த எலும்பின் உள்ளே காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. இவற்றை நெற்றி சைனஸ் என்கிறோம்.

பிறக்கும்போது இந்த அறைகள் நெற்றியில் இருப்பதில்லை. சுமார் 2 வயதுக்குப் பிறகு, மூக்கின் மேற்பகுதியிலிருந்து நெற்றி எலும்புக்குள் அவை மேல்நோக்கி வளரத் தொடங்குகின்றன. 7, 8 வயதில் எக்ஸ்ரே படத்தில் தெரியத் தொடங்கும். 20 வயதையொட்டி வளர்ச்சி நிற்கும். ஆகவே, உங்களுக்கு அவை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

ஏன் இத்தனை வேறுபாடு?

இடது அறையும் வலது அறையும் தனித்தனியே வளர்கின்றன. ஒன்று மற்றதைவிடப் பெரிதாக வளர்ந்தால், நடுவிலுள்ள எலும்புத் தடுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சிலருக்கு ஓர் அறை மட்டுமே இருக்கும். சிலருக்கு இரண்டுமே இருக்காது. வடதுருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்களிடையே அறையே இல்லாதவர்கள் மற்ற மக்களைவிட அதிகம். இவை எதுவும் நோயல்ல. மூக்கு, காது போல ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பு, அவ்வளவுதான்.

சிடி ஸ்கேன் காட்டும் வரைபடம்

1971இல் லண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் தலை சிடி ஸ்கேன் செய்யப்பட்டது. இக்கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இக்கருவி எக்ஸ்ரே கதிர்களைப் பல கோணங்களிலிருந்து செலுத்துகிறது. கிடைக்கும் தகவலைக் கணினி தொகுத்து, தலையை மெல்லிய துண்டுகளாக வெட்டியதுபோன்ற படங்களைத் தருகிறது. அதில் எலும்பு வெள்ளையாகவும், காற்று கறுப்பாகவும், வீங்கிய சவ்வும் சளியும் சாம்பல் நிறமாகவும் தெரியும்.

அறுவை மருத்துவருக்கு இந்தப் படம் மிக முக்கியம். நெற்றி அறையில் சுரக்கும் சளி, ஒரு குறுகிய வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அந்த வழியைச் சுற்றிலும் வேறு சிறு காற்றறைகள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அவை பெரிதாக இருந்தால் வழி நெருக்கப்பட்டு, சளி தேங்கக்கூடும். மருந்தில் குணமாகாதபோது, மூக்கின் வழியே குழாய் போன்ற கருவியைச் செலுத்தி அடைப்பை நீக்குவார்கள். நெற்றி அறையின் பின்சுவருக்கு அப்பால் மூளை. அடிச்சுவருக்குக் கீழே கண். இரண்டும் மெல்லிய எலும்புகளே. அதனால், முதல் நாள் செய்த அறுவையின் நினைவை நம்பி அடுத்த நோயாளியிடம் கருவியைச் செலுத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி வரைபடம் வேண்டும்.

அடையாளம் சொல்லும் எலும்பு

இதே வேறுபாடு மற்றொரு வகையிலும் உதவுகிறது. உருவொத்த இரட்டையருக்குக்கூட நெற்றி அறையின் வடிவம் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று ஆர்தர் ஷூல்லர் என்ற கதிரியல் மருத்துவர் 1921இல் எடுத்துரைத்தார். தீ விபத்தில் முகமும் கைரேகையும் அழிந்துவிட்டாலும், நெற்றி எலும்பு தப்பியிருக்கலாம். இறந்தவர் உயிருடன் இருந்தபோது எடுத்த பழைய படத்துடன் அதை ஒப்பிட்டு, அவர் யார் என்று குடும்பத்தாரிடம் சொல்ல முடியும். ஆனால், பழைய படம் இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை. சிறுவயதில் எடுத்த படமும் அவ்வளவாக உதவாது. அதன் பிறகு அறை வளர்ந்திருக்கும்.

மாணவர்களே, சாதாரணச் சளிக்கு சிடி ஸ்கேன் தேவையில்லை. அதில் கதிர்வீச்சு உண்டு. ஆனால், சளியோடு கடும் தலைவலியும் காய்ச்சலும் வந்து, நெற்றியோ கண்ணைச் சுற்றியோ வீங்கினால், தாமதிக்காமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த மெல்லிய சுவரைக் கடந்து கிருமி மூளையை எட்டாமல் தடுப்பதற்கு, நேரத்தோடு செய்யும் சிகிச்சையே வழி.