சொட்டும் பெட்ரோல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

பெங்களூரில் வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் காட்டும் இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். ஸ்ரீராமபுரம், அல்சூர் போன்ற பகுதிகளின் சந்துகளில் அந்த இடம் பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, சமையலறை ஜன்னலை ஒட்டி இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சேலத்தில் அப்பா ஓட்டி, பிறகு என் கைக்கு வந்த பழைய ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது. ஒரு நாள் இரவு கதவைப் பூட்டப் போன என் மனைவி, "என்னங்க, பெட்ரோல் வாசனை வருதே" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் உள்ளங்கை அளவு ஈரம்.

"காலையில் பார்த்துக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. பெட்ரோல் டேப்பை மூடியும் சொட்டு நிற்கவில்லை. வண்டியை எதிரிலிருந்த காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கே பீடி பிடிக்கும் வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்தேன்.

இந்த அவசரம் வீண் பயமல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, தாழ்ந்த மூலையில் தேங்கும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவு கலந்தாலே ஒரு பொறி போதும். அடுப்பும், பூஜை விளக்கும், ஸ்விட்ச்சும் பத்தடிக்குள் இருக்கும் நம் வீடுகளில் அந்தப் பொறிக்குப் பஞ்சமில்லை.

மறுநாள் மெக்கானிக் பாய் பார்த்தார். டேங்கின் அடியில் பழைய ஈயப் பற்று ஒன்று இருந்தது. அப்பா சேலத்தில் வைத்தது. அதன் ஓரத்தில்தான் கசிவு. "இன்னொரு பற்று வெச்சா போதாதா பாய்?" என்றேன். "வெக்கலாம் சார். ஆனா நீங்க இதை வீட்டுக்குள்ளதானே நிறுத்துறீங்க?" என்று கேட்டார். பதில் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தெரிந்துகொண்டதையும் நம் குடும்பங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, வெட்டவெளியில், உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எங்கே முதலில் ஈரம் கட்டுகிறது என்று பாருங்கள். டேப்பை மூடினால் கசிவு நிற்கிறதா? அப்படியானால் கோளாறு டியூபில் அல்லது கார்புரேட்டரில். மூடியும் சொட்டினால் டேப்பில் அல்லது டேங்கில்.

ரப்பர் டியூப், வாஷர். இங்கே யோசனையே வேண்டாம், மாற்றுங்கள். டேப் சுற்றுவது, வெட்டி ஒட்டுப்போடுவது எதுவும் பெட்ரோலில் நிற்காது. பெட்ரோலுக்கென்றே விற்கும் டியூபை வாங்குங்கள். தண்ணீர் டியூப் சில வாரங்களில் ஊறிவிடும்.

கார்புரேட்டர். இது பெரும்பாலும் பழுது பார்க்கக்கூடியது. நீடில் உட்காரும் இடத்தில் தூசி சிக்கினால் பெட்ரோல் வழியும். சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். நீடில் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

டேங்க். அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் விரிசல் என்றால், தேர்ந்த பட்டறையில் அடைக்கலாம். ஆனால் துரு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு துளை தெரிந்தால், உள்ளே பல துளைகள் தயாராகின்றன என்று பொருள். சோப்பும் எம்-சீலும் பட்டறை வரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே. இன்னொன்று: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, அதில் இருப்பது ஆவி. நன்றாகக் கழுவி ஆவியை வெளியேற்றாமல் வெல்டிங் வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

புதிய வண்டிகள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இஞ்செக்ஷன் வந்துவிட்டது. அதில் பெட்ரோல் அழுத்தத்தோடு பாய்வதால், சிறு கசிவும் பீய்ச்சி அடிக்கும். அங்கே ஒட்டு வேலையே கூடாது.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகம் செய்தது நம் பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. அன்று 84 பங்க்குகளில் தொடங்கிய கலப்பு, 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதவைக்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் சர்வீஸின்போது டியூபைக் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது.

பெரிய கம்பெனிகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. 2010 பிப்ரவரியில் மாருதி நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் கசியக்கூடும் என்பதற்காக மாற்றியது ஒரு சிறிய கேஸ்கெட்டை.

எங்கள் ஸ்கூட்டருக்குப் புதிய டேங்க் கிடைக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் சிவாஜி நகரில் ஒரு பழைய டேங்கைப் பிடித்தோம். உள்ளே டார்ச் அடித்து, துரு இல்லை என்று பார்த்த பிறகே பாய் தலையாட்டினார். டேப்பும் டியூபும் புதிது.

அப்பாவின் டேங்கைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சுத்தமாகக் கழுவி, காயவைத்து, மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பற்று வைத்த நாளில் அவர் வண்டி முற்றத்துக் கொட்டகையில் நின்றது. என் வண்டி, என் பிள்ளைகள் தூங்கும் அறைக்குக் கீழே நிற்கிறது. அவருக்குச் சரியாக இருந்த கணக்கு எனக்குச் சரியாக வராது.